பின்பக்கம் உட்காராமல் ட்ரெய்லர் இழுக்க: பிக்கப்பில் ஏர் பேக் போட்ட அனுபவம்

ட்ரெய்லரைக் கொக்கியில் மாட்டியதும் என் பிக்கப்பின் பின்பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், ராத்திரியில் ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். அதற்காகத்தான் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் பொருத்தும் ஏர் பேக் ஜோடியை வாங்கினேன். விபத்தில் விரியும் ஏர்பேக் இல்லை, லீஃப் ஸ்பிரிங்குக்கு, அதாவது பின் ஆக்சில் மேல் பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டை அடுக்குக்குத் துணையாக நிற்கும் ரப்பர் காற்றுப் பை. ஒரு வருடம் ஓட்டியாகிவிட்டது. நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம்.

என் ட்ரெய்லர் சரக்கோடு சுமார் 2000 கிலோ. அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 200லிருந்து 300 கிலோ வரை, கொக்கியில் இறங்க வேண்டும். முன்பு மாட்டினால் பின் மட்கார்டு 7 சென்டிமீட்டர் இறங்கும். இப்போது 30 பிஎஸ்ஐ காற்று வைத்தால் 2 சென்டிமீட்டரோடு நிற்கிறது, பள்ளத்தில் விழும்போது வரும் அந்த 'டங்' சத்தமும் போய்விட்டது.

மாட்டும்போது நான் செய்த பெரிய தப்பு, இரண்டு பைகளையும் ஒரே குழாயில் T வடிவ இணைப்பு போட்டு இணைத்தது. வளைவில் திரும்பும்போது அழுத்தப்படும் பக்கத்துக் காற்று மறுபக்கப் பைக்கு ஓடிவிடுகிறது, வண்டி இன்னும் அதிகமாகச் சாய்கிறது. இரண்டுக்கும் தனித்தனி குழாய், தனித்தனி வால்வு வைத்த பிறகுதான் நிம்மதி. அப்புறம் ஒரு வாரம் கழித்து, காலையில் பார்த்தால் இடது பக்கம் மட்டும் இறங்கியிருந்தது. சோப்புத் தண்ணீர் தடவினேன், குழாய் சொருகும் இடத்தில் பொடிப்பொடியாக நுரை வந்தது. குழாயின் நுனியைச் சாய்வாக வெட்டியிருக்கிறேன்! கூர்மையான பிளேடால் நேராக வெட்டி, கடைசி வரை அழுத்திச் சொருகியதும் நின்றுவிட்டது. சைலன்சர் குழாய் காற்றுப் பைக்குப் பக்கத்தில் போனால், கிட்டில் வரும் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கண்டிப்பாகப் போடுங்கள்.

ட்ரெய்லர் இல்லாத நாட்களில் காற்றைக் குறைக்க மறந்தால் வண்டியின் பின்பக்கம் குதிகுதியென்று குதிக்கும். அதற்காக மொத்தமாகவும் இறக்கிவிடக் கூடாது, பையின் ரப்பர் நசுங்கி மடிந்து கிழியும். கிட்டோடு வரும் தாளில் குறைந்தபட்ச அழுத்தம் போட்டிருக்கும், என்னுடையதில் 5 பிஎஸ்ஐ.

பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஏர் பேக் போட்டதால் வண்டியின் தாங்கும் திறன் ஒரு கிலோகூட ஏறாது. ஆக்சில், பிரேக், டயர், சேஸிஸ் எல்லாம் பழையதுதானே, கம்பெனி கொடுத்த எடை வரம்பு அப்படியேதான் இருக்கும். அதே மாதிரி, கொக்கியில் விழும் எடை முன் சக்கரத்திலிருந்து கொஞ்சம் பாரத்தை எடுத்துவிடுகிறது, ஸ்டீயரிங் லேசாகிறது. காற்றை ஏற்றினால் பின்பக்கம் உயருமே தவிர, அந்தப் பாரம் முன்னால் திரும்பி வராது. அதற்கு, கொக்கியில் விழும் எடையை முன் சக்கரங்களுக்கும் பகிர்ந்து கொடுக்கும் தனி வகை ஹிட்ச் (இழுவை இணைப்பு)தான் வேண்டும். வண்டி மட்டமாக நிற்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று இன்னும் நாலு மூட்டை ஏற்றிவிடாதீர்கள், தயவுசெய்து.

லீஃப் ஸ்பிரிங் பட்டை ஏற்கெனவே தளர்ந்தோ விரிசல் விட்டோ இருந்தால் இந்தக் கிட்டை இப்போது வாங்க வேண்டாம், முதலில் பட்டையை மாற்றுங்கள்.