கோட்டலில் பார் மிட்ஸ்வா: ஊர்வலம் அமர்க்களம், பையன் குரல்தான் கேட்காது

யூதப் பையனுக்கு 13 வயது முடிந்ததும் தோரா வாசிக்க வைக்கும் சடங்குதான் பார் மிட்ஸ்வா. ஜெருசலேம் மேற்குச் சுவர் (எபிரேயத்தில் கோட்டல்) முன்னால் அதை நடத்த இடத்துக்கு வாடகை கிடையாது. தோரா என்ற யூத மறைநூலின் சுருள், அதை விரிக்க மேசை, தலைக்குக் கிப்பா என்ற சிறு தொப்பி எல்லாம் அங்கேயே கிடைக்கும். ஊர்வலத்துக்கும் படத்துக்கும் இதற்கு ஈடான இடம் இல்லை. ஆனால் பையன் வாசிப்பதைக் குடும்பமே கூடிக் கேட்க வேண்டுமென்றால், கோட்டல் அதற்குத் தோதான இடமல்ல.

முதலில் நாள். பையனுக்கு எபிரேய நாட்காட்டிப்படி 13 முடிய வேண்டும். சாதாரண ஆண்டின் அதார் மாதத்தில் பிறந்தவனுக்கு 13 முடியும் ஆண்டு, அதார் மாதம் இரண்டு வரும் லீப் ஆண்டாக அமைந்தால் இரண்டாம் அதார்தான் கணக்கு. இதைக் கவனிக்காமல் ஒரு மாதம் முந்தி விமான டிக்கெட் எடுத்துவிடுகிறவர்கள் உண்டு. தோரா வாசிப்பு திங்கள், வியாழன், சனி. சனிக்கிழமை படம் பிடிக்கவும் வாத்தியம் வாசிக்கவும் கூடாது, தலையிலும் கையிலும் வாரால் கட்டும் தெஃபிலின் என்ற மறைவசனப் பெட்டிகளையும் கட்டுவதில்லை. அதனால் திங்களும் வியாழனும் திருவிழாக் கூட்டம். மாதப் பிறப்பிலும் வாசிப்பு உண்டு, ஆனால் கூடுதல் தொழுகை சேர்ந்து நேரம் இழுக்கும். சுவர் முன்னால் கூடித் தொழும் பெண்கள் குழு ஒன்றுக்கு எதிர்ப்பு கிளம்பி அன்று தள்ளுமுள்ளும் வரும். அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரம் காலை 7:30, தாமதித்தாலும் 8. காலை வெயில் சுவருக்குப் பின்னாலிருந்து ஏறுகிறது. சுமார் 19 மீட்டர் உயரச் சுவரின் நிழல் தொழும் இடத்தில் விழுந்து கிடக்கும். மணி ஆக ஆக நிழல் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், தரைக்கல் கொதிக்கும். மழை வந்தால் ஆண்கள் பக்கத்து இடது மூலையில் வில்சன் வளைவுக்குள் ஒதுங்கலாம்.

ஊர்வலத்தைச் சாணவாசல் பக்கமிருந்து தொடங்குவது நல்லது. யூதக் குடியிருப்புப் பக்கம் படிக்கட்டு அதிகம், தாத்தா பாட்டிக்கு மூட்டு தாங்காது. தர்புகா மேளம், ஷோஃபார் என்ற ஆட்டுக்கொம்பு ஊதுகுழல், பந்தல் பிடிக்க நாலு பேர் என்று ஆட்கள் கிடைப்பார்கள். எத்தனை நிமிடம், எவ்வளவு பணம் என்பதை வாசிப்பு தொடங்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

இனி வாசிப்பு. வார நாளில் சுருள் முன் மூன்று பேரைத்தான் அழைப்பார்கள்: முதலில் பழைய ஆலயக் குருக்கள் வழிவந்த கோஹென், அடுத்து அவர்களுக்கு உதவியவர் வழிவந்த லேவி, மூன்றாவது மற்றவர். மொத்தம் குறைந்தது 10 வசனம், ஒவ்வோர் அழைப்பிலும் மூன்றுக்குக் குறையாமல். பையன் கோஹென், லேவி குலத்தவனாக இல்லாவிட்டால் அந்த மூன்றாவது இடம் அவனுக்குப் போய்விடும். நம்மூர்க் கல்யாணத்து மாமன் மரியாதை போல இங்கேயும் மனத்தாங்கல் வரும்: சனிக்கிழமை ஏழு பேரை அழைக்கலாம், திங்களில் முடியாது. சுருளைத் தூக்கிக் காட்டுவது, சுருட்டி உறையிடுவது என்ற இரண்டு பொறுப்புகளைப் பெரியப்பா சித்தப்பாக்களுக்கு முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள்.

சுருளில் உயிர்க்குறியும் இல்லை, இராகக்குறியும் இல்லை. அச்சுப் புத்தகத்தில் மட்டும் பழகிய பையன் இங்கேதான் திணறுவான். இரண்டு வடிவமும் பக்கத்துப் பக்கம் அச்சான ‘திக்குன்’ புத்தகத்தில் கடைசி ஒரு மாதமாவது பழக்குங்கள். பக்கத்து மேசைகளிலும் அதே நேரம் வாசிப்பு நடக்கும், மேளம் முழங்கும். உடையும் வயதுக் குரல் எடுபடாது. இன்னொன்று: செஃபார்டி (ஸ்பெயின் வழி யூதர்) வழக்கச் சுருள் கூட்டுக்குள் நின்றபடி இருக்கும், அஷ்கெனாசி (நடு, கிழக்கு ஐரோப்பிய யூதர்) வழக்கச் சுருள் மேசையில் படுத்திருக்கும். குள்ளமான பையனுக்கு நிற்கும் சுருளின் மேல் வரி எட்டாது. எது வேண்டும் என்று முதலிலேயே சொல்லி வாங்குங்கள், ஒரு முக்காலியும் கேளுங்கள்.

தெஃபிலினில் நடக்கும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: தலைப்பெட்டி நெற்றிக்கு வழுக்கி இறங்கிவிடுகிறது. அது முடி தொடங்கும் வரிசைக்கு மேலே, நடுவில் இருக்க வேண்டும். காரணம் பெரும்பாலும் பின்கழுத்து முடிச்சு. கடையில் பொது அளவில் போட்டதைப் பையன் தலைக்கு இறுக்காமல் விட்டிருப்பார்கள். தெஃபிலின் வசனங்களை எழுதும் எழுத்தர் ஒருவரிடம் அளவு பார்த்துத் திருத்திக்கொள்ளலாம், ஐந்து நிமிட வேலை. படத்தில் நெற்றிப் பொட்டு மாதிரி பெட்டி தெரிந்தால் அது தவறாகக் கட்டியதுதான்.

பெண்கள் பகுதிதான் பெரிய குறை. இடம் சிறியது, நடுவில் தடுப்பு. அம்மா, அத்தை, பாட்டி எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி, தடுப்பின் விளிம்பைப் பிடித்தபடி எட்டிப் பார்க்கிறார்கள். மேசையைத் தடுப்பை ஒட்டிப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்குத்தான் 7:30க்கே வரச் சொல்வது. வாசிப்பு முடிந்ததும் அங்கிருந்து அட்சதை மாதிரி மிட்டாய் பறக்கும். மென்மையான ஜெல்லி மிட்டாய், கோஷர் (யூத உணவு விதிப்படியானது) முத்திரையோடு, தனித்தனி உறையில், ஆளுக்கு நாலைந்து போதும். கடின மிட்டாய் கண்ணாடியை உடைக்கும்.

குடும்பம் ஒன்றாக நிற்க வேண்டும் என்றால் தெற்கே ராபின்சன் வளைவு மேடைக்குப் போங்கள். முன்பதிவு வேண்டும். ஆண் பெண் தடுப்பு இல்லை, கூட்டம் குறைவு, பையன் குரல் பாட்டி காது வரை போகும். எங்கள் ஓட்டு இதற்கே. கீழே, கி.பி. 70இல் ரோமானியர் உருட்டிய கற்கள் தெருவில் விழுந்தபடியே கிடக்கின்றன. 2018 ஜூலையில் கல் ஒன்று பெயர்ந்து விழுந்த பிறகு அங்கே சுவரைத் தொடும் மேடையை நெடுநாள் மூடி வைத்திருந்தார்கள். அங்கே தொட வழியில்லாவிட்டால், தொட்டே ஆக வேண்டும் என்பவர்கள் சடங்கு முடிந்ததும் பெரிய முற்றத்துக்கு நடந்துபோய்த் தொட்டுவிட்டு வரலாம்.