தைத்துப் போடுவதா, புதிது வாங்குவதா? பினாங்கில் நமக்கு இருக்கும் வழிகள்

தொடைப் பக்கம் நைந்த ஜீன்ஸ், ஜிப் போன பாஜு குரோங் (மலாய்ப் பாணி நீள உடை), கை இறுக்கும் ரவிக்கை. இதில் ஒன்றாவது பினாங்கில் எல்லா வீட்டு அலமாரியிலும் கிடக்கும். வீட்டிலேயே ஊசி எடுக்கலாம். லிட்டில் இந்தியாவில் டெய்லரிடம் கொடுக்கலாம். பேரங்காடியில் இருக்கும் ஆல்டரேஷன் கடைக்குப் போகலாம். இல்லையென்றால் கைப்பேசியிலேயே புதிதாக ஒன்றை ஆர்டர் செய்துவிடலாம். நான் தைத்துப் போடும் பக்கம். ஆனால் எதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கொடுத்தால் கூலியும் வீண், துணியும் வீண்.

முதலில் பணத்தை, அதாவது வெள்ளிக் (ரிங்கிட்) கணக்கைப் பார்ப்போம். "ஜிப் மாத்த இருபது வெள்ளியா? நாப்பது வெள்ளிக்குப் புதுசே வாங்கிடலாமே" என்று பலரும் சொல்கிறார்கள். தையல் கூலியைப் புதுத்துணியின் விலையோடு மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். எத்தனை மாதம் உழைக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நல்ல பருத்திக் கால்சட்டை ஒன்றுக்கு 20 வெள்ளி செலவழித்து இன்னும் ஒன்றரை வருடம் போட்டால், மாதத்துக்கு ஒரு வெள்ளி சொச்சம். 40 வெள்ளிக்கு வாங்கிய புதுசு ஆறு மாதத்தில் வெளிறிவிட்டால், மாதத்துக்கு ஏறக்குறைய ஏழு வெள்ளி. இவை புரிவதற்காக வைத்த எண்கள்தான், கூலி கடைக்குக் கடை மாறும். கழிவைக் குறைக்க உழைக்கும் பிரிட்டனின் 'ராப்' (WRAP) அமைப்பு வேறொரு கணக்கைத் தந்திருக்கிறது: ஓர் உடையை வழக்கத்தைவிட ஒன்பது மாதம் கூடுதலாகப் போட்டால், அதனால் ஏற்படும் கரிம வெளியேற்றம், நீர்ச் செலவு, கழிவு ஒவ்வொன்றும் 20 முதல் 30 விழுக்காடு வரை குறையும்.

கை வேலையில் யாராலும் மிஞ்ச முடியாதவர்கள் லெபோ பாசார், பினாங்கு தெருப் பக்கம் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் நம் டெய்லர்கள்தான். துணியைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். "அண்ணே, இது தாங்குமா?" என்று கேட்டால், "தாங்கும்மா, ஆனா இந்தப் பக்கமும் நைஞ்சிருக்கு, உள்ளே பெருசா ஒட்டு வச்சாத்தான் நிக்கும்" என்று பதில் வரும். கிழிசலை மட்டும் இழுத்துத் தைத்தால், அதைச் சுற்றி நைந்திருக்கும் துணி அடுத்த துவைப்பில் விட்டுவிடும். உள்பக்கம் ஒட்டு வைத்து, துணி நிறத்துக்கு ஏற்ற நூலால் நெருக்கமாக முன்னும் பின்னும் ஓட்டினால்தான் நிற்கும். ஜிப்பிலும் அப்படித்தான். பாதி நேரம் பல் எல்லாம் நன்றாக இருக்கும், மேலும் கீழும் இழுக்கும் ரன்னர் மட்டும் தளர்ந்திருக்கும். ரன்னரை மாற்றினாலே போதும் என்று சொல்லி நம் செலவைக் குறைக்கும் டெய்லர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

ரவிக்கை விஷயத்தில் அவர்களுக்குப் போட்டியே கிடையாது. நம் ஊர் டெய்லர் ரவிக்கை தைக்கும்போதே இரண்டு பக்கமும் உள்ளே துணி விட்டுத் தைப்பார். உடம்பு போட்டால் தையலைப் பிரித்து விட்டுக்கொள்ளலாம், இளைத்தால் பிடித்துக்கொள்ளலாம். அம்மாவின் கல்யாண ரவிக்கை மகளுக்குப் பொருந்துவது இதனால்தான். ஆயத்த உடையில் இந்த வசதி இல்லை. துணியை மிச்சம் பிடிக்க ஓரத்தை ஒட்ட வெட்டி, நூல் பிரியாமல் இருக்க ஓவர்லாக் அடித்திருப்பார்கள். பிரித்தால் விட்டுக்கொள்ள அரை விரல் அகலம்கூட இருக்காது. மலிவு உடையைச் சீர்செய்ய முடியாமல் போவதற்கு இதுதான் முக்கியக் காரணம், டெய்லரின் திறமைக்குறைவு இல்லை. வாங்கும் இடத்திலேயே உடையை உள்வெளியாகத் திருப்பி ஓரத்தைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டெய்லர் வழியில் ஒரு சங்கடம் உண்டு. தீபாவளி நெருங்கும்போது புதுத் தையல் குவிந்துவிடும், சில்லறை வேலையை எடுக்க மாட்டார்கள். கிழிந்ததையெல்லாம் சேர்த்துவைத்துத் தைப்பூசம் முடிந்த பிறகு கொடுத்தால் பொறுமையாகச் செய்து தருவார்கள்.

பேரங்காடிக் கடைகள் ரசீது தருவார்கள், சொன்ன நாளில் தருவார்கள். ஆபீஸ் கால்சட்டையின் நீளம் குறைக்க, இடுப்புப் பிடிக்க அங்கே போகலாம். ரவிக்கை, பாவாடை, பழைய பட்டு என்றால் நான் அங்கே கொடுக்க மாட்டேன்.

வீட்டு ஊசி? பட்டன், பிரிந்த தையல், விட்டுப்போன கீழ்மடிப்பு, இவற்றுக்கு யாரிடமும் போக வேண்டாம். பள்ளியில் கெமாஹிரான் ஹிடுப் (வாழ்வியல் திறன்) பாடத்தில் ஊசி பிடித்தவர்களுக்குக் கை மறந்திருக்காது. பிரிந்த இடத்தை நேராக ஓட்டிவிடாமல், ஒவ்வொரு குத்துக்கும் கொஞ்சம் பின்னால் வந்து குத்தும் கெட்டித் தையல் போட்டால் மெஷின் தையலுக்குச் சமமாக இழுவை தாங்கும்.

சரி, புதிது வாங்குவதே சரியான இடங்களும் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் செயற்கைத்தோல் பையும் ஜாக்கெட்டும் சும்மா தொங்கினாலே செதில் செதிலாக உரியும். அதை எந்த டெய்லராலும் மீட்க முடியாது. நெகிழ்வு போய் முட்டியில் பை விழுந்த லெக்கிங்ஸும் அப்படியே. இதற்குக் கூலி கொடுக்காதீர்கள்.

பழந்துணிப் பெட்டியில் போட்டால் மறுசுழற்சி ஆகிவிடும் என்று நம்பி, மனநிம்மதியோடு புதுசு வாங்குகிறவர்கள் நிறைய. இதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எலன் மெக்ஆர்தர் அறக்கட்டளை 2017-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, உலகில் உடைக்குப் பயன்படும் மூலப்பொருளில் மீண்டும் உடையாக மாறுவது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த நூலைப் பிரிப்பது அவ்வளவு கடினம். கடைசியில் தொட்டிக்கு வரும் துணி உட்பட, பினாங்குத் தீவின் குப்பை கடல் தாண்டி நிபோங் திபால் பக்கம் புலாவ் புரோங் கிடங்குக்குப் போகிறது. 2022 ஜனவரியில் அங்கே தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததை அந்தப் பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மக்களைத் தைத்துப் போட வைக்க மற்ற நாடுகள் என்ன செய்திருக்கின்றன? சுவீடன் 2017-இல் உடை, காலணி, சைக்கிள் பழுதுபார்ப்புக்கான மதிப்புக் கூட்டு வரியை 25-இலிருந்து 12 விழுக்காடாக இறக்கியது. 100 குரோனா கூலி, வரியோடு 125 ஆக இருந்தது 112 ஆனது. கடைக்காரர் கூலியைக் கொஞ்சம் ஏற்றினால் அந்த வித்தியாசம் காணாமல் போய்விடும். 2023-இல் அந்த வரிச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். பிரான்ஸ் 2023 நவம்பரில் தொடங்கிய திட்டம் எனக்கு இதைவிடப் பிடித்தது. பதிவு பெற்ற தையல்காரரிடமோ காலணி தைப்பவரிடமோ போனால், வேலையைப் பொறுத்து 6 முதல் 25 யூரோ வரை பில்லிலேயே கழித்துவிடுவார்கள். அந்தப் பணம் உடை விற்கும் நிறுவனங்கள் கட்டும் கட்டணத்திலிருந்து வருகிறது. மேலும் மேலும் புதுத்துணி விற்பவர்தான் பழையதைத் தைக்கவும் காசு தர வேண்டும் என்பது நியாயம்தானே?

நிறுவனங்களும் முயல்கின்றன. சுவீடனின் நூடி ஜீன்ஸ் தன் ஜீன்ஸை எப்போது கொண்டுவந்தாலும் இலவசமாகத் தைத்துத் தருகிறது. அமெரிக்காவின் பட்டகோனியா 2011-இல் 'இந்த ஜாக்கெட்டை வாங்காதீர்கள்' என்று நியூயார்க் டைம்ஸில் விளம்பரமே கொடுத்தது. நல்ல எண்ணம், மறுக்கவில்லை. ஆனால் அந்த விலைக்கு வாங்கக்கூடியவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. பாசார் மாலத்தில் (இரவுச் சந்தையில்) சட்டை வாங்கும் குடும்பத்துக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பிரெஞ்சு முறையை இங்கே கொண்டுவருவதென்றால் ஒரு மாற்றம் அவசியம். கணினியும் ரசீதுப் புத்தகமும் இல்லாமல் படிக்கட்டுக்குக் கீழே ஒற்றை மெஷினோடு தைக்கும் அக்காவால் பதிவுப் படிவங்களோடு மல்லுக்கட்ட முடியாது. மாநகர் மன்றமே காகிதக் கூப்பன் அச்சடித்து வீடுகளுக்குக் கொடுத்து, டெய்லர்கள் மாதக் கடைசியில் மன்றத்திடம் காசாக்கிக்கொள்ளும்படி செய்யலாம்.

அரசு செய்யும்வரை காத்திருக்கவும் வேண்டாம். லிட்டில் இந்தியாவில் சேலை விற்கும் கடைகள் பல, ஃபால்ஸ் வைக்கவும் ரவிக்கை தைக்கவும் ஏற்கெனவே ஆள் வைத்திருக்கின்றன. 'எங்களிடம் தைத்த ரவிக்கையை ஒரு முறை இலவசமாகப் பிரித்து அளவு சரிசெய்து தருவோம்' என்று அந்தக் கடைகள் அறிவித்தால் அவர்களுக்குச் செலவு ஒரு மணி நேர வேலை. வாடிக்கையாளர் திரும்ப வருவார். அடுத்த முறை ரவிக்கைக்கு அளவு கொடுக்கப் போகும்போது கடைக்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒரு அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லவும் மறக்காதீர்கள்.