தடித்த துணி மேசையா, வழுக்குத் துணி மேசையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் பில்லியர்ட்ஸ் பழக விரும்புபவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சாப்பாட்டுக் கடையின் ஓரத்தில் மின்விசிறிக்கு அடியில் நிற்கும், காசு போட்டு ஆடும் ஏழடி மேசை. மற்றொன்று, கடைவீட்டு மாடியின் குளிரூட்டிய அறையில், மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் ஒன்பதடி மேசை. கீழ் மேசையில் ஆடி வளர்ந்த மூத்தவர்கள் இன்றைய பிள்ளைகளின் அடியில் பலம் இல்லை என்கிறார்கள். மாடியில் பழகியவர்களோ பெரியவர்கள் பந்தை விளாச மட்டுமே கற்றவர்கள் என்கிறார்கள். இந்தப் பூசலின் வேர் ஆட்டக்காரரின் திறமையைவிட மேசைத் துணியில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கருத்து.

கீழே நிற்பது போன்ற பழைய மேசைகளில் போர்த்தப்பட்டது துய் (மென்மயிர்) எழுந்த தடித்த கம்பளித் துணி. அதில் பந்து விரைவில் வேகம் இழக்கும். மெதுவாக உருளும்போது துய்யின் போக்கிலோ மேசையின் சாய்விலோ ஒதுங்கிப் போகும். வெள்ளைப் பந்தை மறுகோடி வரை அனுப்பித் திரும்ப வரவழைக்க வேண்டுமானால் கையை நன்றாகப் பின்னுக்கு இழுத்து வீச வேண்டியிருந்தது. ஆகவே ஓரளவு நிமிர்ந்த நிலையும், நீண்ட வீச்சும், மணிக்கட்டுச் சொடுக்கும் அந்தத் தலைமுறையின் அடையாளங்கள் ஆயின. இன்றைய போட்டி மேசைகளில் இருப்பது, சீவிய கம்பளி நூலையும் நைலானையும் சேர்த்து நெருக்கி நெய்த, துய் இல்லாத துணி. பெல்ஜியத்தில் தயாராகும் சிமோனிஸ் 860 இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. இதில் பழைய வீச்சைக் காட்டினால் வெள்ளைப் பந்து மேசையோரத்து ரப்பர் குஷன்கள் மூன்றைத் தொட்டுவிட்டு எங்கோ போய் நிற்கும். எனவே தாடை கியூவை (அடிக்கும் கோலை) தொடும் அளவு குனிந்து, கையைச் சிறிதளவே பின்னிழுத்து அடிக்கும் ஸ்நூக்கர் பாணி இங்கே இயல்பாகவே மேலோங்கிவிட்டது.

ஸ்க்ரூ அடிப்பதில், அதாவது மோதிய பின் வெள்ளைப் பந்தைப் பின்னோக்கி வரவழைப்பதில், வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். பின்சுழற்சியோடு கிளம்பிய வெள்ளைப் பந்து மறுபந்தைச் சேர்வதற்குள் தடித்த துணி அந்தச் சுழற்சியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். போதாக்குறைக்கு, காசு மேசையில் வெள்ளைப் பந்து மட்டும் தனியே திரும்பி வர வேண்டும் என்பதற்காக, பழைய இயந்திரங்கள் பலவற்றில் அதைச் சற்றுப் பெரிதாகவோ கனமாகவோ வைத்திருந்தார்கள். கனமான பந்து மோதிய பிறகும் முன்னோக்கியே நகரப் பார்க்கும். அந்த மேசையில் இரண்டடி ஸ்க்ரூ இழுத்தவர் உண்மையிலேயே பந்தின் அடிப்பாகத்தைச் சுத்தமாகத் தொட்டவர் என்று நம்பலாம். புதிய துணியில் ஸ்க்ரூ எளிதாக வருவதால், தவறாகத் தொடுபவருக்கும் அது ஓரளவு வந்துவிடுகிறது.

சைட் வைத்து அடிப்பதுதான் பலரும் கவனிக்காத இடம். வெள்ளைப் பந்தின் இடப்பக்கத்தில் அடித்தால் அது முதலில் குறிக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமாக விலகிக் கிளம்பும். பிறகு, கியூவின் பின்பகுதி எப்போதும் சிறிது உயர்ந்தே இருப்பதால், துணியின் உராய்வு அதை இடப்பக்கம் வளைத்துக் கொண்டுவரும். பிடிப்புள்ள பழைய துணியில் நடுத்தர வேகத்தில் அடிக்கும்போது இந்த வளைவு சீக்கிரம் தொடங்கி முதல் விலகலைப் பெருமளவு ஈடுகட்டியது. அதனால் அந்தக் கால ஆட்டக்காரர் விலகல் என்ற ஒன்று இருப்பதையே பெரிதாக உணராமல் ஆடிவிட முடிந்தது. வழுக்கும் துணியில் பந்து நெடுந்தூரம் சறுக்கிச் செல்வதால், வளைவு தொடங்கும் முன்பே மறுபந்தை மோதிவிடுகிறது, குறி தவறுகிறது. நுனிப்பகுதியின் எடையைக் குறைத்து விலகலைக் குறைக்கும் கியூக்களுக்கு மதிப்பு கூடியதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1994இல் பிரடேட்டர் நிறுவனம் இவ்வகைக் கியூவோடு சந்தைக்கு வந்தது, பின்னர் கார்பன் இழைக் கியூக்களும் வந்தன.

குழிகளைப் பொறுத்தவரை, பழையவை அகலமானவை, புதியவை இறுக்கமானவை என்பதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. ஆனால் அகலமான குழி என்றால் ஆட்டமே எளிது என்று முடிவுகட்டுவது சரியல்ல. 1954இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் வில்லி மொஸ்கோனி, பந்துகளை மீண்டும் மீண்டும் அடுக்கித் தொடரும் ஸ்ட்ரெயிட் பூல் ஆட்டத்தில், எட்டடி மேசையில் தவறாமல் தொடர்ச்சியாக 526 பந்துகளைப் போட்டார். 2019இல் ஜான் ஷ்மிட் ஒன்பதடி மேசையில் 626 போட்டார். முன்னவருக்கு மேசை சிறியது, ஆனால் மெதுவான துணியில் பந்துக் குவியலைப் பிரிப்பது கடினம். பின்னவருக்கு மேசை பெரியது, ஆனால் துணி அவருக்கு உதவியது. இரண்டையும் எண்களால் மட்டும் எடைபோட முடியாது.

நம் ஊரில் இந்த ஒப்பீட்டை ஈரப்பதம் இன்னொரு முறை குழப்புகிறது. கம்பளி ஈரத்தை உறிஞ்சும் இழை. இரவு முழுவதும் குளிரூட்டியை அணைத்து வைத்திருந்த மாடி மேசை, கடை திறந்த முதல் மணி நேரத்தில் பாதி பழைய மேசையாகவே நடந்துகொள்ளும்: வேகம் குறையும், குஷனில் பட்ட பந்து எதிர்பார்த்ததைவிடக் குறுகிய கோணத்தில் திரும்பும். கீழே மாலை மழைக்குப் பிறகு நிலைமை இன்னும் மோசம். ரொட்டி சானாய் சாப்பிட்ட கையோடு பந்தை எடுத்து வைப்பவர்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அழுக்கேறிய பந்துகள் மோதும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், ஓரத்தில் வெட்டி அடித்த பந்து நினைத்ததைவிடக் குறைவாக விலகிப் போய்க் குழியின் ஓரத்தில் இடிக்கும்.

தொடங்குபவர் மாடி மேசையில் பழகுவதே மேல் என்பேன். இறுக்கமான குழி தவறான குறியை மன்னிக்காது, சுத்தமான பந்துகள் செய்த தவறை அப்படியே காட்டும். அடிப்படை வந்த பின் வாரத்தில் ஓரிரு மாலை கீழ் மேசைக்கு வந்து ஸ்க்ரூ பழகினால், குறுகிய வீச்சு மட்டுமே தெரிந்தவருக்கு இல்லாத அழுத்தம் கையில் சேரும். அந்த மேசைக்கென்று விலகல் குறைந்த கியூவை வாங்க வேண்டாம். அங்கே வளைவு பழையபடி நடப்பதால், அக்கியூ குறியை எதிர்ப்பக்கம் தவறவைக்கும். கடைச் சுவரில் சாய்ந்திருப்பவற்றில் வளையாத ஒன்றை மேசையில் உருட்டிப் பார்த்து எடுத்துக்கொண்டால் போதும்.