பேஸ், முனியன் எழுதிய கேஜ் புல நூல்: சமச்சீரின் வடிவியலைக் கற்க உதவுமா?

ஜான் பேஸும் ஹேவியர் முனியனும் எழுதி 1994-இல் வேர்ல்ட் சயின்டிஃபிக் வெளியிட்ட ‘கேஜ் ஃபீல்ட்ஸ், நாட்ஸ் அண்ட் கிராவிட்டி’ (கேஜ் புலங்கள், முடிச்சுகள், ஈர்ப்பு), வளைந்த வெளிகளை நுண்கணிதத்தால் ஆராயும் வகையீட்டு வடிவியலை முழுதும் நடத்தி முடித்த பிறகு இயற்பியலுக்கு வரும் நூலன்று. மின்காந்தவியலுக்கான மேக்ஸ்வெல்லின் நான்கு சமன்பாடுகளை இரண்டாகச் சுருக்கும் தேவையிலிருந்தே வகையீட்டு வடிவங்களும் (கோடு, பரப்பு, கன அளவு ஆகியவற்றின் மேல் தொகையிடத்தக்க கணியங்கள்), அவற்றில் ஒன்றை அதன் நிரப்பியாக மாற்றும் ஹாட்ஜ் ஸ்டாரும் இதில் ஒவ்வொன்றாக அறிமுகமாகின்றன. முதுகலை இயற்பியலில் டென்சரோடு நின்றுவிட்டவர்களுக்கு இதைவிட இணக்கமான தொடக்கத்தை நான் கண்டதில்லை.

நூலின் உயிர் இரண்டாம் பகுதி. காலவெளியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை இழையாகக் கொண்ட கற்றையை (இழைகளின் தொகுப்பை) அமைத்து, அந்த இழைகளைப் புள்ளிக்குப் புள்ளி வெவ்வேறாகச் சுழற்றிக்கொள்ளும் உரிமையே கேஜ் சமச்சீர் என்று ஆசிரியர்கள் காட்டுகிறார்கள். அப்படிச் சுழற்றிய பின் வகையிட்டால், சுழற்றிய குல உறுப்பின் (குலம் என்பது சமச்சீர் மாற்றங்களின் தொகுதி) வகையீடும் வேண்டாத உறுப்பாக உள்ளே நுழைந்துவிடுகிறது; அதைச் சரியாக ஈடுகட்டும்படி உருமாறுவதே இணைப்பு, அதாவது மின்காந்தவியலில் நாம் வெக்டர் பொட்டன்ஷியல் என்று படித்தது. இணைப்பிலிருந்து பெறப்படும் வளைவோ (மின்காந்தவியலில் மின், காந்தப் புலங்கள்), குல உறுப்புக்கும் அதன் நேர்மாறுக்கும் இடையில் நின்று மாறுமே தவிர, உபரியாக எதையும் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே வளைவையும் அதன் ஹாட்ஜ் இணையையும் பெருக்கி எடுக்கும் ட்ரேஸ் (அணியின் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை) மாறாமல் இருக்கிறது. 1954-இல் யாங்கும் மில்ஸும் முன்வைத்த கோட்பாட்டில், இயக்கச் சமன்பாடுகளைத் தரும் தொகையான ஆக்‌ஷன் அந்த ட்ரேஸால் ஆனதுதான். இந்தக் கணக்கை வாசகர் தாமே போட்டுப் பார்க்க வேண்டும், ஏனெனில் நிரூபணங்களில் கணிசமானவை பயிற்சிகளாகவே தரப்பட்டுள்ளன. பயிற்சிகளைத் தாண்டிச் செல்பவருக்கு அடுத்த பத்தி பிடிபடாது.

குறை என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சமச்சீர்க் குலமே இழையாக அமையும் முதன்மைக் கற்றைக்கு இந்நூலில் உரிய இடமில்லை; பெரும்பாலும் வெக்டர் கற்றைகளைக் கொண்டே வாதம் நகர்கிறது. தொடக்கநிலை மாணவருக்கு இது சுமையைக் குறைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கணிதவியலாளரின் ஆய்வுக் கட்டுரைகள் முதன்மைக் கற்றையை அறிந்தவருக்காகவே எழுதப்படுவதால், அவற்றைப் படிக்க விரும்புபவர் இன்னொரு நூலையும் நாட வேண்டியிருக்கும். துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் பொறிமுறையைத் தேடி வருபவர்களுக்கும் இது ஏற்ற நூலன்று.

மூடிய கயிற்றுச் சுருள்களின் கணிதமான முடிச்சுகளைப் பற்றிய அத்தியாயம் சுவையானது, எனினும் முதல் வாசிப்பில் அதை விட்டுவிடலாம். ஈர்ப்பைப் பேசும் மூன்றாம் பகுதியை விடக் கூடாது. இயற்பியலாளர் அபய் அஷ்டேகர் 1986-இல் முன்வைத்த புதிய மாறிகளில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்பும் ஓர் இணைப்பின் கோட்பாடாக உருமாறுவதை அங்கே காணலாம், இறுதிப் பக்கங்களின் வேகம் சற்று மூச்சு வாங்க வைத்தாலும்.