டிஸ்க் இல்லாத லேப்: எல்டிஎஸ்பியா, ஐஸ்கஸியா, இல்ல எஸ்எஸ்டியே போதுமா?

முதல்லயே சொல்லிடறேன், நான் எல்டிஎஸ்பி கட்சி, டிஸ்க் இல்லாத மெஷின்ல சர்வர்ல இருந்து நெட்வொர்க் வழியா லினக்ஸ ஓட்டற சாஃப்ட்வேர் அது. பெரம்பூர்ல எங்க மாமா நடத்துற கம்ப்யூட்டர் சென்டர்ல 12 மெஷின் இருக்கு, எல்லாம் ஏதோ ஆபீஸ்ல கழிச்சுக் கட்டி சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வந்த செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப்புங்க. உள்ள இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் ஒண்ணொண்ணா படுக்க ஆரம்பிச்சதும் "மாப்ள, இதுக்கு ஒரு வழி பண்ணு"ன்னாரு. மூணு வழி கண்ணுல பட்டுச்சு. எல்லாத்துலயும் எஸ்எஸ்டி போட்டு குளோன்ஜில்லால (டிஸ்க்க அப்படியே நகல் எடுக்கற சாஃப்ட்வேர்) ஒரே இமேஜ, அதாவது ஒரே நகல, அடிக்கறது, டிஸ்க்கே இல்லாம எல்டிஎஸ்பில லினக்ஸ ஓட்டறது, டிஸ்க்கே இல்லாம ஐஸ்கஸில (சர்வர் டிஸ்க்க நெட்வொர்க் வழியா குடுக்கற முறை) விண்டோஸ ஓட்டறது. நாங்க போட்டது ரெண்டாவது, அதனால இந்த அலசல் அந்தப் பக்கமா சாயத்தான் செய்யும்.

காசு மிச்சம்னு நெனச்சு டிஸ்க்லெஸ் பக்கம் வராதீங்க. எஸ்எஸ்டில மிச்சம் பிடிக்கிறது சர்வர், கிகாபிட் ஸ்விட்ச், யூபிஎஸ்னு அப்படியே வெளிய போயிடும். வேகத்துலயும் எஸ்எஸ்டி தான் முன்ன நிக்கும், அதுல பேச்சே இல்ல. ரெண்டு மூணு மெஷின் வச்சிருக்கிறவங்க எஸ்எஸ்டி போட்டுட்டுப் போயிட்டே இருக்கலாம்.

அப்ப எதுக்கு இந்த வம்புன்னா, பராமரிப்பு. அது ஒண்ணு தான். 12 மெஷின்ல 12 டிஸ்க் இருந்தா 12 விதமா கெட்டுப் போகும். ஒருத்தன் டெஸ்க்டாப்ல கண்டதையும் இறக்கி வச்சிருப்பான், இன்னொரு மெஷின்ல பிரவுசர் எக்ஸ்டென்ஷன் ஏதோ புகுந்திருக்கும், மூணாவதுல அப்டேட் பாதில நிக்கிறப்ப கரண்ட் போயிருக்கும். குளோன்ஜில்லால முதல் நாள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், அப்பறம் ஒவ்வொண்ணும் தன் போக்குல போயிடும், திரும்ப ஒண்ணா கொண்டு வரணும்னா எல்லாத்தையும் நிறுத்தி மறுபடி இமேஜ் அடிக்கணும், ஞாயித்துக்கிழமை அதுலயே போயிடும்.

எல்டிஎஸ்பில இருக்கிறது ஒரே சிஸ்டம். சர்வர்ல உபுண்டுவோ டெபியனோ போட்டு, வேணுங்கற சாஃப்ட்வேர் எல்லாம் அதுலயே ஏத்திட்டு, "எல்டிஎஸ்பி இமேஜ்"னு ஒரு கமாண்ட் குடுத்தா அந்த சர்வரையே சுருக்கி ஒரு ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைலா ஆக்கிடும். எல்லா மெஷினும் அந்த ஒரே ஃபைல என்எஃப்எஸ் (நெட்வொர்க்ல ஃபைல் பகிர்ற முறை) வழியா படிச்சுத் தான் எழுந்திரிக்கும். படிக்க மட்டும் தான் முடியும், எழுதறது எல்லாம் அந்தந்த மெஷினோட ரேம்ல மேல ஒரு லேயரா உக்காரும், ரீஸ்டார்ட் பண்ணா காணாம போயிடும். பசங்க என்ன கூத்து அடிச்சாலும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா பழையபடி ஆயிடும், பரீட்சை முடிஞ்ச போர்டை அழிச்சு வைக்கற மாதிரி. அவங்க செஞ்ச வேலை மட்டும் ஹோம் ஃபோல்டர்ல, அது சர்வர்ல இருக்கு, எந்த மெஷின்ல உக்காந்தாலும் அவங்க ஃபைல் அவங்களுக்கு வரும். புது சாஃப்ட்வேர் வேணும்னா சர்வர்ல ஒரு தடவ போடு, இமேஜ் எடு, காலைல எல்லாரும் புதுசுல எழுந்திரிப்பாங்க. புதுப் பையன் சேர்ந்தா சர்வர்ல ஒரு யூசர் போட்டுட்டு "எல்டிஎஸ்பி இனிட்ஆர்டி" ஓட்டினா போதும், இமேஜ் மறுபடி எடுக்க வேண்டியதில்ல.

இன்னொண்ணு, நெறைய பேர் எல்டிஎஸ்பின்னா எல்லாம் சர்வர்ல ஓடும், நம்ம முன்னாடி இருக்கிறது வெறும் திரைன்னு நெனச்சுட்டு இருக்காங்க. 1999ல இருந்து வர்ற ப்ராஜெக்ட், அப்ப அப்படித்தான். 2019ல முழுசா திருப்பி எழுதினாங்க, இப்ப புரோகிராம் எல்லாம் அந்தந்த மெஷினோட சிபியூ, ரேம்ல தான் ஓடும். அதனால சர்வர் பெரிய புலியா இருக்கணும்னு இல்ல, நல்ல டெஸ்க்டாப் ஒண்ணே போதும். ஆனா மெஷின்ல ரேம் வேணும், 4 ஜிபில ரெண்டு மூணு டேப் திறந்தாலே மூச்சு வாங்கும், எழுதறதும் அதே ரேம்ல தானே போகுது, 8 ஜிபி போட்டுடுங்க. ஹோம் ஃபோல்டர் டீஃபால்ட்டா எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ்ல (ஃபைல என்க்ரிப்ட் பண்ணி அனுப்பற முறை) வரும், கொஞ்சம் மந்தம். என்எஃப்எஸ்க்கு மாத்தலாம், வேகம் கூடும் பாதுகாப்பு குறையும், வெளி ஆளுங்க லேப்டாப்ப அதே நெட்வொர்க்ல சொருகுற இடத்துல மாத்தாதீங்க.

ஐஸ்கஸி பக்கம் வருவோம். இதுல சர்வர் ஒரு டிஸ்க்கையே நெட்வொர்க் வழியா நீட்டும், விண்டோஸ் அத தன் சொந்த டிஸ்க்னே நம்பும். கேட்க ஜோரா இருக்கும். ஆனா ரெண்டு மெஷின் ஒரே டிஸ்க்ல எழுதினா ஃபைல் சிஸ்டம் நாசமாயிடும், அதனால மெஷினுக்கு ஒரு டிஸ்க் வேணும். இசட்எஃப்எஸ்னு ஒரு ஃபைல் சிஸ்டத்த சர்வர்ல போட்டு ஒரு மாஸ்டர் வச்சு குளோன் பிரிக்கலாம், இடம் மிச்சமாகும், ஆனா மாஸ்டர மாத்தினா பழைய குளோன் தானா மாறாது, எல்லாத்தையும் திரும்பப் பிரிக்கணும். விண்டோஸ் லைசென்ஸும் மெஷினுக்கு மெஷின். இதுக்கு மேல, நெட்வொர்க் கார்டு டிரைவர அப்டேட் பண்றப்ப நெட்வொர்க் அறுந்தா விண்டோஸுக்கு டிஸ்க்கே அறுந்த மாதிரி, நேரா நீலத் திரை தான். ரெண்டு மெஷின்ல சோதனைக்கு ஓட்டிப் பார்த்ததோட நிறுத்திட்டேன், முழு லேப்ல மாசக்கணக்கா ஓட்டினவங்க வேற மாதிரி சொல்லலாம். இதுக்குன்னே காசு வாங்கற சாஃப்ட்வேர் இருக்கு, கேமிங் சென்டர்காரங்க அத வச்சுத் தான் ஓட்டறாங்க, அந்தத் தொழிலுக்கு அது சரிதான்.

பூட் ஆகுற விதம் ரெண்டுக்கும் ஒண்ணு தான், பிஎக்ஸ்இ (நெட்வொர்க்ல இருந்து பூட் ஆகுற வசதி) முதல்ல டிஎச்சிபில, அதாவது முகவரி குடுக்கற முறைல, ஐபி கேக்கும், அப்பறம் டிஎஃப்டிபிங்கற எளிய ஃபைல் அனுப்பற முறைல ஐபிஎக்ஸ்இங்கற பூட் புரோகிராம இறக்கும், மீதிய அது பாத்துக்கும். பிராட்பேண்ட்காரங்க குடுக்கிற ரூட்டர்ல பூட் ஃபைல் பேர் குடுக்கிற ஆப்ஷன் பெரும்பாலும் இருக்காது, பயப்பட வேணாம். டிஎன்எஸ்மாஸ்க்னு ஒரு சின்ன சர்வர் புரோகிராம பிராக்ஸி முறைல ஓட்டினா ஐபிய ரூட்டரே குடுக்கும், பூட் சமாச்சாரம் மட்டும் நம்ம சர்வர் சொல்லும். பழைய பயாஸ் மெஷினுக்கு ஒரு பூட் ஃபைல், புது மாதிரி யூஇஎஃப்ஐ மெஷினுக்கு வேற ஃபைல். செக்யூர் பூட்ட (கையெழுத்து இல்லாத பூட் ஃபைல தடுக்கற வசதி) நான் ஆஃப் பண்ணிட்டேன், ஆன்ல வச்சு ஓட்டற வேலைல இறங்கல. வைஃபைல இந்தக் கதை எதுவும் நடக்காது, கேபிள் தான்.

கேபிள்னு சொன்னதும் ஒண்ணு. கிகாபிட்டுக்கு கேபிள்ல இருக்கிற நாலு ஜோடி கம்பியும் வேணும், 100 எம்பிபிஎஸ்க்கு ரெண்டு ஜோடியே போதும். நம்ம ஊர்ல பழைய லேப்ல ரெண்டு ஜோடி மட்டும் கிரிம்ப் பண்ணி விட்டிருப்பாங்க, இன்டர்நெட் ஓடிச்சுன்னு யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. டிஸ்க்கே நெட்வொர்க்ல வர்றப்ப அது செகண்டுக்கு 12 எம்பி கூடத் தராது, கிகாபிட்ல அதே 110 கிட்ட வரும். ஸ்விட்ச்ல லைட் கலர பாருங்க, பெரும்பாலான ஸ்விட்ச்ல 100க்கும் 1000க்கும் கலர் வேற. மேனேஜ்டு ஸ்விட்ச்னா (செட்டிங் மாத்தக் கூடிய ஸ்விட்ச்) ஸ்பானிங் ட்ரீ, அதாவது நெட்வொர்க் சுத்து விழாம தடுக்கற வசதி, போர்ட்ட 30 செகண்ட் பிடிச்சு வச்சுக்கும், அதுக்குள்ள பிஎக்ஸ்இ ஐபி வரலன்னு கை விரிச்சிடும், காத்திருக்காம போர்ட்ட உடனே திறக்கற போர்ட்ஃபாஸ்ட் செட்டிங்க போட்டா சரியாயிடும்.

சர்வர் படுத்தா எல்லாம் படுக்கும், இது எல்டிஎஸ்பிக்கும் ஐஸ்கஸிக்கும் பொது. சர்வருக்கும் ஸ்விட்ச்சுக்கும் சேர்த்து யூபிஎஸ் போடுங்க, ஸ்விட்ச்ச மறந்துட்டா சர்வர் மட்டும் உயிரோட இருந்து பிரயோஜனம் இல்ல. கரண்ட் போயி மெஷினுங்க பொத்துனு அணைஞ்சா கெட்டுப் போறதுக்கு அதுக்குள்ள டிஸ்க்கே இல்ல, மே மாசத்துல அது பெரிய நிம்மதி. 12 மெஷின் வரைக்கும் தான் என் அனுபவம், 40 மெஷின் ஒரே நேரத்துல ஆன் ஆனா சர்வர் பக்கம் ஒத்த கிகாபிட் லைன் தாங்குமான்னு கேட்டா பூட் மெதுவாகும்னு கணக்கு சொல்லுது, எவ்ளோன்னு நான் பார்த்ததில்ல.

எல்டிஎஸ்பி தோத்துப் போற இடம் டேலி. அந்தக் கணக்கு எழுதற சாஃப்ட்வேர் விண்டோஸ் சரக்கு, மாமாவுக்கு ஃபீஸ் வர்றதுல பெரும்பங்கு அந்த பேட்ச்ல தான். லினக்ஸ்ல எப்படியாவது ஓட்டிடலாம்னு மல்லுக்கட்டாம மூணு மெஷின்ல எஸ்எஸ்டியும் விண்டோஸும் போட்டு ஓரமா தனி வரிசைல வச்சாச்சு, டைப்பிங், ஆபீஸ், பைத்தான் எல்லாம் மீதி ஒம்போதுல. டேலி பசங்க மூணு மூணா மாறி மாறி உக்காரணும்ங்கறதுல மாமாவுக்கு இன்னும் கொஞ்சம் குறை தான்.