இரண்டு ‘கொடுத்தான்’: ஹேஷோடு 15 ஆண்டுகள்

நான் உருப்படியாக எழுதிய முதல் நிரல் ஒரு சொல் எண்ணி. ஒரு தமிழ்க் கோப்பைப் படித்து எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். முதலில் பட்டியல் வைத்து எழுதினேன். ஒவ்வொரு புதுச் சொல்லுக்கும் பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடும். கோப்பு பெரிதானதும் நிரல் நகரவே இல்லை. அப்புறம்தான் பெர்ல் நிரல்மொழியில் உள்ள ஹேஷை, அதாவது ஒரு சொல்லைக் கொடுத்தால் அதற்குரிய மதிப்பை நேராக எடுத்துத் தரும் அமைப்பை, கற்றுக்கொண்டு நான்கே வரியில் மாற்றி எழுதினேன். அன்று முதல் இன்றுவரை, பெர்லிலிருந்து பைத்தானுக்கு வந்த பிறகும், ஹேஷைத் தொடாத வேலை நாள் என்று ஒன்று எனக்கு இருந்ததாக நினைவில்லை. பைத்தானில் இதற்கு டிக்ஷனரி என்று பெயர். உள்ளே நடப்பது ஒன்றுதான்.

நாட்டு மருந்துக் கடையைப் பார்த்திருப்பீர்கள். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். சுக்கு என்று கேட்டதும் கடைக்காரர் தேடமாட்டார். கை நேராக அந்த இழுப்பறைக்குப் போகும். ஹேஷ் ஃபங்ஷன் அந்தக் கையைப் போன்றது. சொல்லை ஓர் எண்ணாக மாற்றுகிறது, அந்த எண் எந்த அறை என்று காட்டுகிறது. ஆயிரம் சொல் இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் ஒரு சொல்லை எடுக்க ஆகும் நேரம் ஏறக்குறைய அதேதான். இவ்வளவு ஆண்டுகளில் வேகத்தைப் பற்றி எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. வந்த சிக்கல் எல்லாம் ஒரே கேள்வியில்தான்: இந்த இரண்டும் ஒன்றா, வேறா?

முதல் அடி அந்தச் சொல் எண்ணியிலேயே விழுந்தது. விடையில் ‘கொடுத்தான்’ இரண்டு முறை வந்திருந்தது, ஒன்றுக்கு 41, இன்னொன்றுக்கு 17. கோப்பைத் தந்த நண்பர் திரையைப் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒண்ணுதானே, ஏன் பிரிச்சு வெச்சிருக்கு?” என்றார். கண்ணுக்கு ஒன்றுதான். ஒரு மாலை முழுக்க நிரலில் பிழை தேடினேன். கடைசியில் இரண்டு சொல்லையும் பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்தபோது, முதலாவதில் ‘கொ’வுக்கு 6 பைட், இரண்டாவதில் 9 பைட். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொதுத்தரமான யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கோப்பின் ஒரு பகுதி நேரடியாக யூனிகோடில் தட்டச்சு செய்தது, மறுபகுதி பழைய எழுத்துருவிலிருந்து மாற்றியது. அந்த மாற்றி கொம்பையும் காலையும் தனித்தனியாகவே விட்டிருக்கிறது. ஹேஷ் பார்ப்பது எழுத்தை அல்ல, அதற்குள் இருக்கும் எண்களை. எண்கள் வேறென்றால் அறையும் வேறு.

தீர்வு ஒரே வரி: சொல்லை அறையில் போடும் முன் யூனிகோட் நார்மலைசேஷன் செய்துவிடுவது. என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடாகிவிடும். ஓகார, ஔகாரக் குறிகளுக்கும் அப்படியே. தமிழில் எந்தச் சொல்லையும் கீயாக (மதிப்பைத் தேடி எடுக்கும் பெயராக) வைக்கிற யாரும் இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. தேடல், பயனர் பெயர், நூலகப் பட்டியல் எதுவானாலும் சரி.

எதிர்ப்பக்கமும் உண்டு. நாம் வேறு என்று நினைப்பதை ஹேஷ் ஒன்று என்று வைத்துக்கொள்ளும். பைத்தானில் 1 என்ற எண்ணும் ‘உண்மை’ என்ற பூலியன் (உண்மை/பொய்) மதிப்பும் சமம், இரண்டின் ஹேஷ் எண்ணும் ஒன்றேதான். இரண்டையும் கீயாகப் போட்டால் ஒரே இடத்தில்தான் உட்காரும். பின்னால் வந்த மதிப்பு முன்னதை அழித்துவிடும். எண்ணைக் கீயாக வைத்த டிக்ஷனரியை ஜேசன் என்ற உரைக்கோப்பு வடிவில் சேமித்துத் திரும்பப் படித்தால் எண்கள் எல்லாம் சரமாக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, மாறியிருக்கும், 1 என்று தேடினால் கிடைக்காது. இவை ஒருமுறை பட்டால் மறக்காதவை, மேலே போகலாம்.

எனக்கு நிஜமாகவே நஷ்டம் வைத்தது வேறொன்று. பல்லாயிரம் வலைப்பக்கங்களை இறக்கி வட்டில் வைக்கும் ஒரு நிரல். முகவரியைப் பைத்தானின் உள்ளமைந்த ஹேஷ் ஃபங்ஷனுக்குக் கொடுத்து, வரும் எண்ணை 16-ஆல் வகுத்து, மீதி எதுவோ அந்த எண்ணுள்ள ஃபோல்டரில் கோப்பைப் போடும். பைத்தான் 2-இல் நன்றாக ஓடியது. பைத்தான் 3-க்கு மாற்றிய மறுநாள் காலை, இறக்கிவைத்த பக்கம் பெரும்பாலும் கிடைக்கவில்லை என்று நிரல் மறுபடி எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டிருந்தது. காரணம்: 2012-இல் வந்த பைத்தான் 3.3 முதல், சரங்களின் ஹேஷ் எண் ஒவ்வொரு முறை நிரல் தொடங்கும்போதும் வேறாக இருக்கும். நேற்று 5-ஆம் ஃபோல்டர், இன்று 11.

ஏன் இப்படி மாற்றினார்கள் என்று தேடியபோது கிடைத்த விஷயம் என்னை அசத்தியது. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் கம்யூனிகேஷன் காங்கிரஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில் இரண்டு ஆய்வாளர்கள் ஒரு தாக்குதலைக் காட்டினார்கள். ஒரே ஹேஷ் வரும்படியான சரங்களை ஆயிரக்கணக்கில் செய்து ஒரு படிவம் வழியாக அனுப்பினால், சர்வர் எல்லாவற்றையும் ஒரே இழுப்பறையில் திணித்து மூச்சு முட்டும். அப்படிச் சரங்களைச் செய்வது கடினமா? ஜாவாவை எடுத்துக்கொள்வோம். அதில் சரத்தின் ஹேஷ், இதுவரை வந்த எண்ணை 31-ஆல் பெருக்கி அடுத்த எழுத்தின் குறியீட்டு எண்ணைக் கூட்டுவது. ‘மழை’ என்று கொடுத்தால் 29,69,282 வரும். ‘மவன’ என்று கொடுத்தாலும் 29,69,282-தான். யூனிகோடில் ழகரத்துக்கு அடுத்த எண் வகரம். ஐகாரக் குறிக்கு 31 முன்னால் இருப்பது னகரம். ஓரிடத்தில் ஒன்று கூட, அடுத்த இடத்தில் 31 குறைய, கணக்கு நேராகிவிடுகிறது. இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம். ‘மழைமழை’, ‘மழைமவன’, ‘மவனமழை’, ‘மவனமவன’ நான்கும் ஒரே எண். பத்து இடம் வைத்தால் 1,024 சரங்கள், எல்லாம் ஒரே அறை. இதைத் தடுக்கத்தான் பைத்தான் ஒவ்வொரு ஓட்டத்திலும் ஒரு ரகசிய எண்ணைக் கலக்கிறது. ஜாவா தன் சூத்திரத்தை மாற்றவில்லை. 2014-இல் வந்த ஜாவா 8-இல், ஓர் அறை நிரம்பினால் அதை மர அமைப்பாக மாற்றித் தேடல் படுத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

ஆக, உள்ளமைந்த ஹேஷை வட்டில் எழுதவே கூடாது. வட்டுக்குப் போவதற்கு ஷா-256 மாதிரி என்றைக்கும் ஒரே விடை தரும் ஹேஷ் ஃபங்ஷனைத்தான் இப்போது வைத்திருக்கிறேன். எம்டி5 என்ற பழைய ஹேஷ் ஃபங்ஷனையும் கைவிட்டுவிட்டேன், அதில் ஒரே ஹேஷ் வரும் ஜோடிகளைச் செய்யலாம் என்று 2004-இலேயே காட்டிவிட்டார்கள், ஷா-1-க்கும் 2017-இல் அதே கதி. வட்டில் நகல் கோப்புகளைக் கண்டுபிடிக்க ஷா-256 அருமை. ஆனால் படங்களில் கவனம். அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய படமும் கேமராவில் இருக்கும் அதே படமும் ஷா-256-க்கு முழுக்க வேறு, ஏனென்றால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது.

கடவுச்சொல்லுக்கு வருகிறேன். உப்பு (ஒவ்வொருவருக்கும் தனியாகக் கலக்கும் தற்செயல் எழுத்துகள்) சேர்க்காத எம்டி5-இல் கடவுச்சொற்களை வைத்திருந்த ஒரு பழைய அமைப்பைச் சீர்செய்யும் வேலை எனக்கு வந்தது. அந்த அட்டவணையைத் திறந்ததும் வயிறு கலங்கியது. ஒரே 32 எழுத்துச் சரம் மறுபடி மறுபடி வருகிறது. அத்தனை பேரும் ஒரே கடவுச்சொல் வைத்திருக்கிறார்கள் என்று எதையும் உடைக்காமலே தெரிந்தது. கடவுச்சொல்லுக்கென்றே செய்த பிகிரிப்ட் ஹேஷுக்கு மாற்றினோம். 1999-இல் வந்தது, வேண்டுமென்றே மெதுவானது, ஒவ்வொருவருக்கும் தனி உப்பு. இன்றும் அதை நம்புகிறேன், ஒரு எச்சரிக்கையோடு. அது 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் 72 எழுத்து என்றால் தாராளம். யூனிகோடை பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், புள்ளியும் துணைக்கால்களும் தனித்தனிக் குறியீடுகள். ‘வணக்கம்’ மட்டுமே 21 பைட். நான்கு முறை ‘வணக்கம்’ எழுதி, அதற்குப் பின்னால் என் உண்மையான கடவுச்சொல்லைச் சேர்த்துச் சோதித்தேன். பின்னால் எதைப் போட்டாலும் கதவு திறந்தது! பைத்தானின் பிகிரிப்ட் நூலகத்தின் சமீபத்திய பதிப்பு 72-ஐத் தாண்டினால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. பழைய பதிப்புகள் சத்தமில்லாமல் வெட்டிவிடும். தமிழில் கடவுச்சொல் வைக்க விடும் தளம் கட்டுபவர்கள் இதைக் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆர்கான்2 என்ற கடவுச்சொல் ஹேஷைச் சொல்வேன், அங்கே இந்த 72 தொல்லை இல்லை.

அந்தச் சொல் எண்ணி இன்னும் ஓடுகிறது, இப்போது பைத்தானில். நார்மலைசேஷன் செய்த பிறகும் ஒன்று மட்டும் பிடிபடாமல் நழுவுகிறது. ‘ஔ’வுக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டிவிடுகிறார்கள். திரையில் வித்தியாசம் தெரிவதே அரிது. யூனிகோடுக்கோ அவை இரண்டு தனி எழுத்துகள், சேர்க்காது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடலாம் என்றால் ‘ஒளி’யும் ‘ஒளிந்தான்’-உம் கெட்டுவிடும். அதனால் ஔவையார், ஔடதம், ஔரங்கசீப் என்று கையால் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். போன வாரம் அதில் ‘ஔதாரியம்’ சேர்ந்தது.