ஷூபர்ட்டின் ஐந்து வாத்தியங்கள்: ஹெட்ஃபோனில் மூன்று வருடம்

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட் ஐந்து தந்தி வாத்தியங்களுக்காக எழுதிய சி மேஜர் ஸ்ட்ரிங் குவின்டெட்டை நான் முதலில் கேட்டது பஸ்ஸில், ப்ளூடூத் இயர்பட்ஸில். வயலின் கேட்டது, மற்றதெல்லாம் ஒரே இரைச்சல். சிறு குழுவாக வாசிக்கும் மேற்கத்திய சேம்பர் இசை நமக்கு ஒத்துவராது என்று விட்டுவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஒயர் வைத்த, பின்பக்கம் திறந்த ஓப்பன்-பேக் ஹெட்ஃபோனும், டிஜிட்டல் ஃபைலை ஒலி சிக்னலாக மாற்றும் டிஏசி ஒன்று சின்னதாகவும் வாங்கி, அதையே தரம் குறையாத ஃப்ளாக் ஃபைலாகப் போட்டபோதுதான் உள்ளே ஐந்து பேர் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்றே தெரிந்தது.

இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, உட்கார்ந்து வாசிக்கும் கனத்த குரல் செல்லோ இரண்டு. 1828-இல் எழுதியது. அந்த வருடம் நவம்பரிலேயே ஷூபர்ட் வியன்னாவில் இறந்துபோனார், வயது 31. இது மேடை ஏறியது 1850-இல். மேடையில் கேட்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அதன் இரண்டாம் பகுதி, அடாஜியோ என்ற மெதுவான பகுதி, ஏறக்குறைய கால் மணி நேரம். நடுவில் உள்ள மூன்று வாத்தியங்களும் ஸ்வரங்களை நீளமாக இழுத்துப் பிடிக்கின்றன. நகர்கிறதா நிற்கிறதா என்றே சொல்ல முடியாது. மேலே முதல் வயலின் துண்டு துண்டாக ஏதோ பேசுகிறது. கீழே இரண்டாவது செல்லோ வில்லை விட்டுவிட்டு விரலால் தந்தியை மீட்டுகிறது. இயர்பட்ஸில் அது வெறும் 'டும்'. இப்போது விரல் தந்தியைப் பற்றுவது, விடுவது, பிறகு அந்த மரப்பெட்டி அதிர்ந்து மெல்ல அடங்குவது எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறது. இடையில் எஃப் மைனர் என்ற ஸ்வர வரிசையில் ஒரு பெரிய கொந்தளிப்பு வந்து ஓய்கிறது. பழைய மெட்டு திரும்பும்போது, அதே இரண்டாவது செல்லோ அடியில் பொடி ஸ்வரங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. பல மாதம் கேட்ட பிறகுதான் இது என் காதில் விழுந்தது.

என்னிடம் மூன்று பதிவுகள் இருக்கின்றன. அடிக்கடி போடுவது பாவெல் ஹாஸ் குவார்டெட் என்ற நால்வர் குழு, ஐந்தாவதாக செல்லோ கலைஞர் டான்யூலோ இஷிசாகாவுடன் வாசித்த 2013 வெளியீடு. ஆல்பன் பெர்க் குவார்டெட், செல்லோ கலைஞர் ஹைன்ரிக் ஷிஃப்போடு 1982-இல் பதிவு செய்தது நல்ல மெருகு. மூன்றாவது 1952-இல் பிரான்சின் பிராட் ஊரில் செல்லோ கலைஞர் பாப்லோ கசால்ஸும் வயலின் கலைஞர் ஐசக் ஸ்டெர்னும் மற்றவர்களும் வாசித்த மோனோ பதிவு, இரண்டு காதிலும் ஒரே ஒலி. ஒலித்தரத்தில் கடைசி இதுதான், ஆனால் மனசு சரியில்லாத நாளில் கை இதற்குத்தான் போகிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. கூடுதல் தரம் என்று விற்கும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஃபைலையும் சாதாரண சிடி தரத்தையும், அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸை, மாற்றி மாற்றிக் கேட்டேன். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தக் காசுக்கு இன்னொரு பதிவு வாங்கலாம். ஆப்பில் ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியை அணைத்துவிடுங்கள், சத்தம் குறைந்த பகுதியை அது தானாகத் தூக்கிவிடுகிறது. ஓப்பன்-பேக்கில் வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும். அதனால் எனக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான், அதுவும் ஃபேனை நிறுத்திவிட்டு. வியர்வையில் காதுப் பஞ்சு உரிந்து ஒருமுறை மாற்றியாயிற்று. மற்றபடி செலவு இல்லை.

கடைசிப் பகுதி முடிகிற இடம் ஒன்று இருக்கிறது. ஐந்து பேரும் சி-யில் வந்து நிற்பதற்குச் சற்று முன், அதற்கு அரை ஸ்வரம் மேலே டி ஃப்ளாட்டைத் தொட்டு இறங்குகிறார்கள். மாயாமாளவகௌளை கேட்டுப் பழகிய காதுக்கு அது சட்ஜத்தின் மேல் சாய்கிற சுத்த ரிஷபம். முதல் தடவை ஃபைலில்தான் ஏதோ கோளாறு என்று பின்னால் ஓட்டிப் பார்த்தேன். மற்ற இரண்டு பதிவுகளையும் போட்டேன். மூன்றிலும் அந்த ரிஷபம் இருக்கிறது.